யுகேஜியில் ஒரு பிள்ளை வாசிக்கிறது, இன்னொரு பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கவே வரவில்லை. ஒரே வகுப்பில் இரண்டு பேருக்கும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேட்டவர் இந்த ஜூனில்தான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். வகுப்பில் 28 பிள்ளைகள், கூட ஒரு ஆயாம்மா. மூன்று பேர் கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்களாம், ஆறேழு பேருக்கு ‘அ’ எழுத வரவில்லையாம். “மூன்று குழுவாகப் பிரித்து, மூன்று விதமான தாள் கொடுக்கட்டுமா?” என்கிறார்.

வேண்டாம். நான் கொடுத்துப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவள்.

பெரம்பூர் பக்கம் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் 14 வருஷமாக கேஜி பிள்ளைகளோடு இருக்கிறேன். முதல் வருஷம் நானும் பிரித்தேன். ரோஜா, மல்லிகை, தாமரை. பூப்பேர் வைத்துவிட்டால் எது மேலே எது கீழே என்று பிள்ளைகளுக்குத் தெரியாது என்று ஒரு நினைப்பு. பத்து நாள்கூட ஆகவில்லை. “நான் தாமரை மிஸ், எனக்கு வராது” என்று ஒரு பெண் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டாள். நான் யாரிடமும் சொல்லவே இல்லை. யாருக்கு எந்தத் தாள் போகிறது என்று அதுகளே பார்த்துக் கணக்குப் போட்டிருக்கின்றன. நாலரை வயசு!

அன்றைக்கு விட்டது. இப்போது எல்லாருக்கும் முன்னால் ஒரே பொருளைத்தான் வைக்கிறேன். அதில் யார் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பது மட்டும் மாறும்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஏழாக 14 குழி. ஒரு பிள்ளை குழிக்கு ஒரு காய் போட்டுக்கொண்டே போகும். ‘ஒன்று’ என்று வாயால் சொல்வதும் ஒரு காயைக் கையால் வைப்பதும் ஒன்றாகச் சேர்வதே அதற்குப் பெரிய பாடம். நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைகள்கூட இங்கே தடுமாறும், பாருங்கள். பக்கத்துப் பிள்ளை குழிக்கு ஐந்து போடும். மூன்றாவது பிள்ளையிடம், “இதுல மூணு இருக்கு, அஞ்சாக்கணும்னா இன்னும் எத்தனை வேணும்?” என்று கேட்பேன். பலகை ஒன்று, காய் ஒன்று, மூன்று பேரும் முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தாழ்ந்த தாள் என்று எவருக்கும் எதுவும் போகவில்லை. (காய்க்குப் புளியங்கொட்டை வேண்டாம். ஒரு வருஷம் ஒருவன் மூக்கில் போட்டுக்கொண்டு, அவன் அம்மா வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தண்ணீர் பாட்டில் மூடி போதும்.)

எழுத்துக்கும் இதே வழிதான். ‘அ’வில் ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. சுழியும் வளைவுமாக அது கஷ்டமான எழுத்து. ட, ப நேர்கோட்டு எழுத்துகள், ம-வில் மட்டும் ஒரு வளைவு; மூன்றும் சின்னக் கைக்குச் சீக்கிரம் வந்துவிடும். ஒரு தட்டில் ரவையைப் பரப்பி ‘ப’ போடச் சொல்வேன். விரலால் இழுத்தால் போதும் என்கிற பிள்ளைக்கு அதுவே அன்றைய வேலை. கொஞ்சம் தேறியது சிலேட்டில் போடும். வாசிக்கிற மூன்று பேருக்கு ட, ப, ம அட்டைகளோடு புள்ளி வைத்த ட், ம் அட்டையும் கொடுத்துவிடுவேன்: படம், மடம், பட்டம், மட்டம் என்று அதுகளே கோர்த்துக்கொண்டு வரும். ஒருத்தி ‘டமடம’ என்று கோர்த்துவிட்டு அரை மணி நேரம் வகுப்பையே சிரிக்க வைத்தாள்.

பென்சில் பிடிக்கவில்லை என்றால் பென்சிலைக் கொடுத்துக் கொடுத்துப் பழக்காதீர்கள். அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுசாக உருவாகியிருக்காது. துணி கிளிப்பை அட்டையின் ஓரத்தில் வரிசையாக மாட்டச் சொல்லுங்கள், சப்பாத்தி மாவை உருட்டச் சொல்லுங்கள், பழைய பேப்பரைக் கிழிக்கச் சொல்லுங்கள். மொட்டைமாடிச் சுவரில் தண்ணீர் தொட்டு பெயின்ட் பிரஷ்ஷால் கோடு இழுக்க விடுங்கள், தோள்பட்டைக்குப் பலம் வரும். சென்னை வெயிலில் இந்தப் பக்கம் இழுத்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் காய்ந்துவிடும், அழிக்கிற வேலையும் மிச்சம்.

இன்னொன்று. ‘நன்றாகப் படிக்கும் பிள்ளை’, ‘மெதுவான பிள்ளை’ என்று மனசுக்குள் முத்திரை குத்தும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள். ஒரே வகுப்பில் ஒரு ஜூன் பிள்ளையும் அடுத்த மே பிள்ளையும் இருப்பார்கள். இடையில் 11 மாதம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வாழ்ந்த காலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. பத்தாம் வகுப்பில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும், யுகேஜியில் மலை மாதிரி நிற்கும்.

அடுத்து வீட்டுப் பாஷை. நம் ஊர் வகுப்பில் தெலுங்கு, உருது, இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகள் இல்லாமல் இருக்காது. கட்டட வேலைக்காக பீகாரிலிருந்து வந்தவர் மகள் ஒருத்தி இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. எண்ணத் தெரியாது என்று நோட்டில் எழுதியே வைத்துவிட்டேன். ஒருநாள் ஆயாம்மா சமையலறையில் வெங்காயத்தைக் காட்டி, தனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையில் “கித்னா?” என்றார். ஒன்றிலிருந்து பதினேழு வரை மூச்சுவிடாமல் எண்ணினாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். சில பிள்ளைகளுக்குக் காது சரியாகக் கேட்காது, சிலருக்குக் கண் சரியாகத் தெரியாது. அதையும் மந்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, சிலேட்டை மூக்கருகே கொண்டுபோகிற பிள்ளை இருந்தால் பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லி, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை மாதிரி ஓர் இடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

முந்திக்கொண்டு போகிற பிள்ளைகள் விஷயத்தில்தான் நாம் அதிகம் தப்பு செய்கிறோம் என்பது என் எண்ணம். “முடிச்சிட்டியா? இன்னொரு பக்கம் எழுது.” இதை அந்தப் பிள்ளை தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்ளும். அடுத்த வாரம் வேண்டுமென்றே மெதுவாக எழுதும். அதிகமாகக் கொடுக்காமல் ஆழமாகக் கொடுங்கள். மூன்று புள்ளிக் கோலம் போட்டவனிடம், கையை எடுக்காமல் எல்லாப் புள்ளியையும் சுற்றி வா என்று சொல்லிப் பாருங்கள். எப்போதும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற குட்டி டீச்சராகவும் அவர்களை ஆக்கிவிடாதீர்கள். அவர்களும் படிக்கத்தான் வந்திருக்கிறார்கள்.

‘அரசுப் பள்ளியில் பிள்ளைகளை நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்களே’ என்றும் கேட்டிருந்தீர்கள். அது 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்காக வந்த எண்ணும் எழுத்தும் திட்டம். கொரோனாவில் பள்ளி மூடி, மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்து தெரியாமல் நின்ற பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டது. அதற்கும் முன்னால், 2003 வாக்கில் நம் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோதே பாட அட்டைகளும் அவற்றைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணிப் படமும் வந்துவிட்டன. பிள்ளை தன் வேகத்தில் படி ஏறும். அந்த ஏணியை நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் யுகேஜி பிள்ளைக்குப் படியின் பேரைச் சூட்ட மாட்டேன்.

யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று தெரிய பரீட்சை வேண்டாம். ஒரு நாளைக்கு நாலு பிள்ளைகளை மட்டும் கவனித்து, ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். ஏழு நாளில் 28 பேரும் வந்துவிடுவார்கள். பிறகு மறுபடி முதலிலிருந்து. வாசிப்பதில் முதலாவதாக இருக்கும் பையனுக்குச் சட்டைப் பித்தான் போட வரவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

கேட்டில் நின்று “பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை எழுதுதே” என்று வரும் அம்மாக்களுக்கு ஜூன் மாதத் தாளையும் செப்டம்பர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இரண்டும் அவர்கள் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மீதிப் பேரை என்னாலும் இன்றுவரை சமாளிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். திங்கட்கிழமை எண்ணும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் 28 பேருக்குப் பல்லாங்குழி வாங்கித் தர மாட்டார்கள், தெரியும். மளிகைக் கடையில் முட்டை அடுக்கி வரும் அட்டையைக் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். அதில் 30 குழி இருக்கும். இரண்டாக வெட்டினால் இரண்டு கூட்டத்துக்கு ஆச்சு.