ஒரே விடுகதைக்கு மூன்று விடைகள் வந்தால்

கேள்வி: ஏணியை நினைத்து, ‘பிறரை உயர்த்துவேன், நான் உயரமாட்டேன்’ என்று ஒரு விடுகதை எழுதினேன். சிலர் ஆசிரியர் என்கிறார்கள், சிலர் படிக்கட்டு என்கிறார்கள். ஏணிதான் சரி என்று வாதாடலாமா? பணம் கட்டினால் நூலில் சேர்ப்பதாக ஒரு தொகுப்பாளரும் சொல்கிறார்.

பதில்: வாதாட வேண்டாம்; அவர்கள் சொன்ன விடைகளும் பொருந்துகின்றன. விடுகதையைப் ‘பிசி’ என்று குறிப்பிடும் தொல்காப்பியம், அதன் இரு வகைகளுள் ஒன்றாக உவமையோடு வருவதைச் சொல்கிறது. உவமை பல பொருள்களுக்கும் இடங்கொடுக்கும் என்பதால், ஏணிக்கு மட்டுமே உரிய ஒரு செயலைத் தேடிச் சேர்க்க வேண்டும். ‘ஏறுபவரை உயர்த்துவேன், அவர் இறங்கியதும் அவர் தோளில் நான் ஏறுவேன்’ என்று எழுதிப் பாருங்கள். படிக்கட்டை யாரும் தோளில் சுமப்பதில்லை, ஆசிரியரும் விலகிவிடுவார். முரண்போலத் தோன்றுவதால் கேட்பவர் சற்றுத் திகைப்பார், விடை தெரிந்ததும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று ஒப்புக்கொள்வார். நிறத்தையும் எண்ணிக்கையையும் அடுக்குவதாலோ அரிய சொல்லைப் புகுத்துவதாலோ இந்தத் திகைப்பு வராது.

எழுத்து விளையாட்டு விடுகதைகளுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. அவற்றில் எழுத்துகளே விடையைக் காவல் காக்கின்றன என்பார்கள். ஆயினும், ‘முதலெழுத்தை மாற்றினால் இரும்பாவேன்’ என்று மட்டும் கேட்டால் கரும்பு, துரும்பு, அரும்பு ஆகிய மூன்றும் வந்து நிற்கும். ‘கணுக்கணுவாய் வளர்வேன்’ என்று சேர்த்தால்தான் கரும்பு மட்டும் எஞ்சும். ஆகவே அங்கும் பொருளின் இயல்பு ஒன்றாவது வேண்டும்; எழுத்துக் கணக்கை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

எழுதியபின், விடை அறியாத ஐந்து பேரிடமாவது கேட்டு, அவர்கள் சொல்லும் தவறான விடைகளைக் குறித்து வையுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமலேயே போட்டி நடத்துவோர் பலர், தம் கையிலுள்ள தாளில் இருக்கும் ஒரே விடையைத் தவிர மற்றவற்றையெல்லாம் அடித்துவிடுகிறார்கள். நன்றாகச் சிந்தித்த குழந்தைக்குச் சுழியம் போடும் இந்த வழக்கத்தை ஏன் இன்னும் பொறுத்துக்கொள்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

தொகுப்பாளருக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் எழுத்தை வெளியிட விரும்புபவர் உங்களிடமே கட்டணம் கேட்பது முறையன்று. இத்தகையோர் நீட்டும் படிவத்தில் ‘முழு உரிமையும் தொகுப்பாளருக்கே’ என்ற வரி சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கலாம். கையெழுத்திட்டுவிட்டால் நாளை உங்கள் விடுகதையை நீங்களே வெளியிட அவரிடம் அனுமதி கேட்க நேரிடும். படிவம் ஏற்கெனவே கைக்கு வந்திருந்தால், அந்த வரியை அடித்துத் திருப்பிக் கொடுத்து, உங்கள் பெயர் அச்சாகும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.