சிறைவாசிகளின் நலனும் மறுவாழ்வும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிறை நிலைமைகள், சிறைவாசிகளின் உடல்நலம், விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கை ஆகியவை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பதில்களில் திரும்பத் திரும்ப வரும் 'மண்டேலா விதிகள்' என்பவை சிறைவாசிகளை நடத்தும் முறை குறித்து ஐக்கிய நாடுகள் அமைப்பு வகுத்த குறைந்தபட்சத் தர விதிகள். 1955இல் உருவாகி 2015இல் திருத்தப்பட்ட இவை, 27 ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கியவை. மொத்தம் 122 விதிகள். இவை உடன்படிக்கை அல்ல என்பதால் எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் ஒரு சிறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நீதிமன்றங்களும் ஆய்வுக் குழுக்களும் முதலில் புரட்டுவது இவற்றைத்தான்.

கேள்வி: குற்றம் செய்தவருக்கு நல்ல உணவு, மருத்துவம், படிப்பு எல்லாம் கொடுத்தால் தண்டனைக்கு என்ன பொருள்? பாதிக்கப்பட்டவர்களை யார் நினைக்கிறார்கள்?

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி மிகவும் நியாயமானது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பெரும்பாலும் ஒரு தீர்ப்பு நகலைத் தவிர வேறெதுவும் கிடைப்பதில்லை. மருத்துவச் செலவு, மன ஆறுதல், வழக்கின் போக்கைப் பற்றிய தகவல் என எல்லாவற்றுக்கும் அவர்களே அலைய வேண்டியிருக்கிறது. இது உடனடியாகச் சரிசெய்யப்பட வேண்டிய குறை. ஆனால் சிறைவாசியின் தட்டிலிருந்து எடுக்கப்படும் உணவு அந்தக் குடும்பத்தைச் சென்றடைவதில்லை. மாறாக, சிறையில் முறையான வேலையும் கூலியும் இருந்தால்தான் அந்தக் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவரின் நிவாரணத்துக்கு ஒதுக்க முடியும். சில நாடுகளில் அப்படி ஒதுக்கவும் செய்கிறார்கள்.

முதல் பகுதிக்கு வருகிறேன். நீதிமன்றம் விதிப்பது ஐந்து ஆண்டுச் சிறை என்றால், விதிக்கப்பட்டது ஐந்து ஆண்டுச் சிறை மட்டுமே. அதனுடன் காசநோயையும், அடியையும், கழிவறைக்கு அருகில் படுக்கும் இரவுகளையும் எந்த நீதிபதியும் சேர்த்து எழுதுவதில்லை. ஒருவரை வெளியுலகிலிருந்து பிரித்து, அவருடைய சுதந்திரத்தைப் பறிப்பதே தண்டனை என்றும், அந்நிலையில் இயல்பாகவே உள்ள துன்பத்தைச் சிறை நிர்வாகம் மேலும் கூட்டக் கூடாது என்றும் மண்டேலா விதிகளில் மூன்றாவது விதி கூறுகிறது. என் பணிக்காலம் முழுவதும் நான் பற்றிக்கொண்டிருக்கும் விதி இது. சிறைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வந்து நம் பக்கத்து வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: சிறைகளில் நெரிசல் என்று எப்போதும் சொல்கிறார்கள். புதிய சிறைகளைக் கட்டினால் தீர்ந்துவிடாதா?

கட்டடம் ஓரளவுக்கு உதவும், தீர்க்காது. உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சிறைகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இன்னும் தண்டனை பெறாதவர், அதாவது விசாரணைக் கைதி. அவர்களில் பலர் உள்ளே இருப்பதற்குக் காரணம் குற்றத்தின் கடுமை அன்று. பிணைத்தொகை கட்ட வழியில்லாததும், ஜாமீன் கொடுக்க ஆளில்லாததும், வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிப்போவதுமே. விசாரணைக்காகக் காத்திருப்போரைக் காவலில் வைப்பது பொது வழக்கமாக இருக்கக் கூடாது என்று குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பு 1966இலேயே சொல்லிவிட்டது. சிறு குற்றங்களுக்குச் சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு போன்ற மாற்றுகளை விரிவாக எடுத்துரைக்கும் ஐக்கிய நாடுகளின் டோக்கியோ விதிகள் 1990இல் வந்தன. இவற்றைக் கையாளாமல் கட்டடம் மட்டும் கட்டினால், கட்டிய இடமும் சில ஆண்டுகளில் நிரம்பிவிடும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. பலர் தங்கும் அறையில், கழிவறையைச் சேர்க்காமல், ஆளுக்குக் குறைந்தது 4 சதுர மீட்டர் வேண்டும் என்பது சித்திரவதைத் தடுப்புக்கான ஐரோப்பியக் குழுவின் நிலைப்பாடு. நெரிசலான கொட்டடியில் இந்த அளவு ஒருக்களித்துப் படுக்கும் அகலமாகச் சுருங்கிவிடுகிறது. ஒருவர் திரும்பிப் படுத்தால் வரிசை முழுவதும் திரும்ப வேண்டும். சிலர் முறைவைத்துத் தூங்குகிறார்கள். புதிதாக வந்தவருக்குக் கழிவறை ஓரம்தான். அங்கிருந்து நல்ல இடத்துக்கு நகர யாரிடமாவது கடன்பட வேண்டியிருக்கிறது. சிறைக்குள் தாதாக்கள் உருவாவதற்கு இந்த இடப் பங்கீடு ஒரு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் தம்பி விசாரணைக் கைதியாக இருக்கிறான். மூன்று வாரமாக இருமல், எடையும் குறைந்திருக்கிறது. சிறை மருத்துவர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாராம். நாங்கள் என்ன செய்ய முடியும்?

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுடன் எடைக்குறைவும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். காற்றோட்டமில்லாத அறையில் பலர் நெருங்கி வாழ்வதால், சிறைகளில் காசநோய் வெளியுலகைவிடப் பல மடங்கு அதிகம். தம்பியின் அறிகுறிகள், அவை தொடங்கிய நாள், முன்பு எடுத்த சிகிச்சை ஆகியவற்றை எழுதி, சளிப் பரிசோதனை வேண்டும் என்று குறிப்பிட்டு, சிறைக் கண்காணிப்பாளருக்கும் சிறை மருத்துவ அலுவலருக்கும் தனித்தனியாக மனு கொடுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி, நகலை வழக்கறிஞரிடம் கொடுத்துவையுங்கள். சில நாள்களில் நடவடிக்கை இல்லையென்றால், வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு கேட்கலாம். இதைச் சலுகையாக நினைத்துத் தயங்க வேண்டாம். வெளியே உள்ளவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், கட்டணமின்றிச் சிறைவாசிக்கு மருத்துவம் கிடைக்க வேண்டும் என்பது மண்டேலா விதிகளில் 24ஆம் விதி.

நோய் உறுதியானால் அதன்பிறகுதான் உங்கள் கவனம் அதிகம் தேவைப்படும். சாதாரணக் காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதச் சிகிச்சை. இடையில் நின்றால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக மாறும் ஆபத்து உண்டு. சிறைவாசிக்குச் சிகிச்சை அறுபடும் இடங்கள் இரண்டு. ஒன்று, வேறு சிறைக்கு மாற்றப்படும்போது. ஆள் போய்விடுவார், மருத்துவக் கோப்பு பழைய சிறையிலேயே தங்கிவிடும். மற்றொன்று, பிணை கிடைக்கும்போது. மாலையில் ஆணை வந்து இரவே வெளியேறுகிறவரிடம் மறுநாள் விழுங்க மாத்திரை இருக்காது, எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற சீட்டும் இருக்காது. பிணை மனு போடும்போதே மருத்துவ அலுவலரிடம் சிகிச்சைச் சுருக்கத்தை எழுதித் தரும்படி கேட்டுவையுங்கள்.

சிறைக்குள் பரவும் நோய் மதிலோடு நிற்பதில்லை. 1750இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்கு விசாரணைக்காக அழைத்துவரப்பட்ட கைதிகளிடமிருந்து பரவிய சிறைக் காய்ச்சலில், நகரத்தின் மேயரும் நீதிபதிகளும் உட்பட 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த நூற்றாண்டில் ஐரோப்பியச் சிறைகளை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டுச் சீர்திருத்தம் கோரிய ஜான் ஹோவார்டும் 1790இல் காய்ச்சலுக்கே இரையானார்.

கேள்வி: தண்டனை என்று தனியறையில் எத்தனை நாள் அடைத்துவைக்கலாம்?

நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ, பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்துவைப்பது தனிமைச் சிறை. தொடர்ந்து 15 நாள்களைத் தாண்டினால் அது நீடித்த தனிமைச் சிறை. அதை மண்டேலா விதிகள் முற்றாகத் தடை செய்கின்றன. மனநோயோ உடற்குறைபாடோ உள்ளவருக்குத் தனிமையால் அந்நிலை மோசமாகும் என்றால் ஒரு நாள்கூடக் கூடாது. 1829இல் பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட ஒரு சிறை, தனிமையில் விட்டால் மனிதர் தம் குற்றத்தை எண்ணி மனம் திருந்துவார் என்ற நல்லெண்ணத்தில்தான் கைதிகளைத் தனித்தனியே பூட்டியது. திருந்துவதற்குப் பதில் பலர் மனம் பேதலித்தார்கள். குடும்பத்தைச் சந்திக்க விடாமல் தடுப்பதை ஒழுங்கு நடவடிக்கையாகக் கையாள்வதும் இதே வகைத் தவறு. 43ஆம் விதி அதை அனுமதிப்பதில்லை.

கேள்வி: கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பிரசவத்தின்போது விலங்கு போடுவது உண்டா?

போடக் கூடாது. பிரசவ வலியின்போதும், பிரசவத்தின்போதும், அதன்பின் உடனடியாகவும் எந்தக் கட்டும் போடக் கூடாது என்று பெண் சிறைவாசிகளுக்காக ஐக்கிய நாடுகள் அமைப்பு 2010இல் ஏற்ற பாங்காக் விதிகளும் மண்டேலா விதிகளும் ஒருசேரச் சொல்கின்றன. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் இயன்றவரை சிறையல்லாத தண்டனையே தர வேண்டும். சிறையில் குழந்தை பிறந்தால், பிறப்புச் சான்றிதழில் அந்த விவரம் இடம்பெறக் கூடாது.

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. அப்பா வெளிநாட்டில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். அவளைச் சிறைக்கு அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போகலாம், அம்மா. ஆனால் அதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு வழக்கு விவரம் தேவையில்லை. "அப்பா ஒரு தப்பு செய்துவிட்டார் என்று சொல்கிறார்கள், அதனால் இப்போது வீட்டுக்கு வர முடியாது, உன்மேல் அவருக்குக் கோபமில்லை" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். வழக்கு இன்னும் முடியவில்லையென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறைத்துவைத்தால் பள்ளியில் யாரோ ஒருவர் வாயிலிருந்து தெரியவரும். அப்போது அப்பாவுடன் உங்கள்மேலும் நம்பிக்கை போய்விடும். பெரியவர்கள் மறைக்கும் விஷயத்துக்குத் தானே காரணம் என்று நினைக்கும் குழந்தைகள் பலர்.

போகும் நாளுக்கு முன்பே, வாசலில் சோதனை செய்வார்கள், காத்திருக்க வேண்டும், நடுவில் கண்ணாடியோ கம்பி வலையோ இருக்கலாம், நேரம் முடிந்ததும் மணி அடிக்கும் என்றெல்லாம் விளக்கிவிடுங்கள். குழந்தைகளிடம் உடலின் உட்பகுதிச் சோதனை எந்நிலையிலும் கூடாது என்பது மண்டேலா விதிகளில் 60ஆம் விதி. யாராவது முற்பட்டால் மறுத்து, மேலதிகாரியைக் கேளுங்கள். இன்னொன்று உங்கள் கணவருக்கு. நேர்காணல் நேரம் முழுவதும் வழக்கறிஞர், பணம், வாய்தா என்றே கழிவதையும், குழந்தை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி ஒரு சொல்லும் பேசாமல் திரும்புவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். வழக்குப் பேச்சுக்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மகள் வரும் நாளில் அவளுடைய வகுப்பாசிரியர் பெயரையும், விழுந்த பல்லையும் அவர் விசாரிக்கட்டும்.

கேள்வி: என் தந்தை சிறைக்காவலர். எல்லோரும் கைதிகளின் உரிமையைப் பேசுகிறீர்கள். அவர் வீட்டில் யாருடனும் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றி யாராவது எழுதினீர்களா?

குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது, உங்கள் வருத்தம் சரியானது. ஆள் பற்றாக்குறையால் தொடர் இரவுப்பணி, நோய்த்தொற்று, தாக்குதல் அச்சம், சிறைவாசியின் தற்கொலையை முதலில் காண நேர்வது ஆகிய அனைத்தையும் சுமப்பவர் காவலர். சிறைவாசியின் நலனும் காவலரின் நலனும் எதிரெதிரானவை அல்ல. ஒரு காவலர் நூறு பேரைப் பார்க்க வேண்டிய தொகுதியில், அவருக்குத் தெரிந்த ஒரே கருவி அதட்டலாகத்தான் இருக்கும். இருபது பேர் என்றால் பெயர் சொல்லி அழைக்க முடியும். ஊழியருக்குப் போதிய ஊதியமும், பணியில் சேருமுன்னும் பணியிலிருக்கும்போதும் பயிற்சியும் வேண்டும் என்று மண்டேலா விதிகள் தனியாகவே வலியுறுத்துகின்றன. தந்தைக்குத் தூக்கமின்மை நீடித்தால், துறைக்கு வெளியே உள்ள ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உயரதிகாரிக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது.

கேள்வி: சிறையில் படிப்பதும் தொழில் கற்பதும் உண்மையிலேயே பயன் தருகின்றனவா?

தருகின்றன. அமெரிக்காவில் பல ஆய்வுகளைத் தொகுத்து ராண்டு என்ற ஆய்வு நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சிறையில் கல்வி பெற்றவர்கள் மீண்டும் குற்றத்தில் விழுவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைவு. தாமே முன்வந்து படிப்பவர்கள் முன்பே திருந்தும் மனம் கொண்டவர்களாயிருக்கலாம் என்பதால், இந்த எண்ணை அப்படியே முழுப் பயனாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. பிரேசிலில் ஒரு நூலைப் படித்து அதைப் பற்றி எழுதிக் காட்டினால் நான்கு நாள் தண்டனைக் குறைப்பு. ஆண்டுக்கு 48 நாள் வரை பெறலாம்.

தொழிலைப் பொறுத்தவரை எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வெளியே யாரும் வேலைக்கு எடுக்காத, பழைய இயந்திரத்தில் செய்யும் தொழிலை ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுப்பதைப் பயிற்சி என்று கணக்குக் காட்டுகிறார்கள். கற்றதற்குப் பொதுக் கல்வித்துறையோ தொழிற்பயிற்சித் துறையோ சான்றிதழ் தர வேண்டும். அதில் சிறையின் பெயர் இருக்கக் கூடாது. கூலியில் ஒரு பகுதி குடும்பத்துக்கும், ஒரு பகுதி விடுதலை நாளுக்கான சேமிப்புக்கும் போக வேண்டும் என்பது 103ஆம் விதி.

கேள்வி: ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் என் கணவர் அடுத்த மாதம் வருகிறார். நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

முதல் இரண்டு வாரங்களை மிகக் கவனமாகக் கடத்துங்கள். விடுதலையான உடனடி நாள்களில் இறப்பு அபாயம் கூடுதல் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. முன்பு போதைப்பழக்கம் இருந்தவர்களுக்கு இது மிகப் பெரிய ஆபத்து. உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிட, பழைய அளவே உயிரைப் பறித்துவிடும். அவருக்கு அப்படி ஒரு வரலாறு இருந்தால், வருவதற்கு முன்பே ஒரு மருத்துவரைப் பார்த்துவையுங்கள்.

விருந்தும் உறவினர் கூட்டமும் முதல் வாரத்தில் வேண்டாம். பூட்டாத கதவின் முன்னால்கூட யாராவது திறப்பார்கள் என்று அவர் நிற்கலாம். விளக்கை அணைத்தால் தூக்கம் வராமல் போகலாம். எதைச் சாப்பிட வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் எரிச்சலடையலாம். ஒன்பது ஆண்டுகளாக எந்த முடிவையும் எடுக்க விடப்படாத மனிதர் அவர். சிறு முடிவுகளை ஒவ்வொன்றாக அவரிடம் விடுங்கள். அடையாள ஆவணங்கள் காலாவதியாகியிருந்தால் இந்த மாதமே விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிடுங்கள். அவை இல்லாமல் வங்கிக் கணக்கும் வேலையும் நகராது. நீங்களும் இந்த ஒன்பது ஆண்டுகளில் தனியாகக் குடும்பத்தை நடத்தி மாறியிருக்கிறீர்கள். அந்தப் பொறுப்பை ஒரே நாளில் அவர் கையில் ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: சிறு பட்டறை நடத்துகிறேன். தண்டனை முடிந்து வந்த ஒருவர் வேலை கேட்கிறார். எடுக்கலாமா?

எடுக்கலாம். என்ன குற்றம், எவ்வளவு காலம் ஆயிற்று, நீங்கள் தரும் வேலையோடு அதற்குத் தொடர்பு உண்டா என்ற மூன்றையும் அவரிடமே நேராகக் கேளுங்கள். கையாடல் வழக்கில் இருந்தவரிடம் முதல் நாளே கல்லாவை ஒப்படைக்க வேண்டியதில்லை. அதற்காக அவரைப் பட்டறையிலும் சேர்க்கக் கூடாது என்பதில்லை. குறிப்பிட்ட காலம் குற்றமின்றிக் கழிந்தால் பல தண்டனைகளைக் கணக்கில் கொள்ளாமல் விடும் சட்டம் பிரிட்டனில் 1974இலேயே வந்தது. வேலை விண்ணப்பத்தில் குற்றப் பின்னணி கேட்பதற்கு 1998இல் ஹவாய் மாநிலம் கட்டுப்பாடு விதித்தது. மற்ற தொழிலாளிகளுக்கு அவருடைய கடந்த காலத்தை நீங்களாக அறிவிக்க வேண்டாம். சொல்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கூலியை, அதே நாளில் கொடுங்கள். நன்னடத்தை அலுவலரிடம் கையொப்பமிடும் நாள்கள் இருந்தால், அந்த நேரத்துக்கு விடுப்பு உண்டு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.