சனிக்கிழமை ராத்திரி பார்க்காமல் முடிக்காதீர்கள்

கேள்வி: நுங்கம்பாக்கம் காதர் நவாஸ்கான் ரோட்டை ஒட்டி, இரண்டாம் மாடியில் ஒரு வீடு. தோழியும் நானும் சேர்ந்து எடுக்கிறோம். வாடகை 35,000, அட்வான்ஸ் 10 மாதம். ராத்திரியும் ஆள் நடமாட்டம் உண்டு, மெட்ரோவும் பக்கம். ஞாயிறு காலை போய்ப் பார்த்தோம், அமைதியாக இருந்தது. முடித்துவிடலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: முடிக்காதீர்கள். அது ஓட்டல்களும் கடைகளும் நிறைந்த ரோடு, ஞாயிறு காலை அந்தப் பக்கம் ஊரே தூங்கும். சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குப் போங்கள். படுக்கையறை ஜன்னலைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பாட்டுச் சத்தம் ஒரு நேரத்தில் ஓய்ந்துவிடும். பக்கத்து ஓட்டலின் ஜெனரேட்டரும் ஏசி யூனிட்டும் விடாமல் உறுமுவதுதான் தூக்கத்தைத் தின்னும். அடுத்து ஜன்னல் கம்பியை விரலால் தடவுங்கள். பிசுக்கென்று ஒட்டினால் அவர்கள் சமையல்கட்டின் புகைக்குழாய் உங்கள் பக்கம் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். துடைத்தால் மறுவாரமே திரும்பப் படியும். பால்கனியில் துணி காயப்போட முடியாது. அந்த வீட்டை விட்டுவிடுங்கள், வாடகையைக் குறைத்தாலும் வேண்டாம்.

கேட்டை மறித்து கார் நிற்கிறதா என்பதும் அந்த நேரத்தில்தான் தெரியும்.

மெட்ரோவை நம்பி ராத்திரி வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. 11 மணியை ஒட்டிக் கடைசி வண்டி போய்விடும், அதற்குப் பிறகு ஆட்டோதான். ஆயிரம் விளக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை இருட்டியபின் ஒருமுறை நடந்தே பாருங்கள்.

இனி அட்வான்ஸ். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி 3 மாத வாடகைதான், உங்கள் கணக்கில் 1,05,000. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது செல்லும் என்று அதே பிரிவு இடம் கொடுக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றரை லட்சத்துக்குச் சட்டம் பேசிப் பயனில்லை. பேச்சை இப்போதே முடியுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னை வழக்கம். எவ்வளவு பிடிப்பார்கள், மீதி எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இபி மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியா, இல்லை சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலா, அதையும் கேளுங்கள்.

"வேறு பார்ட்டி காத்திருக்கிறார்" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். சனிக்கிழமை பார்த்த பிறகே டோக்கன், அதுவும் ரொக்கமாக வேண்டாம், வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்.