புது டி.வி.: ரெக்கார்டிங் யார் வேலை, ஸ்ட்ரீமிங் யார் வேலை?

கேள்வி: மாலை ஏழு மணி சீரியலைப் பதிவு செய்து இரவு பத்து மணிக்குப் பார்க்க வேண்டும். டி.வி. பெட்டியில் 'யூ.எஸ்.பி. ரெக்கார்டிங்' என்று போட்டிருந்தால் போதுமா? (ஈரோடு)

போதாது. டி.வி. தன்னுள்ளே இருக்கும் ட்யூனர் பிடிக்கிற சேனலை மட்டும்தான் பதிவு செய்யும். உங்கள் வீட்டில் சேனல்கள் டி.டி.எச். பெட்டிக்கோ கேபிள் பெட்டிக்கோ வந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக டி.வி.க்கு வருகின்றன. அந்தக் கேபிளில் படம் எச்.டி.சி.பி. என்ற பூட்டோடு வருகிறது. டி.வி. அதைக் காட்டும், எழுதி வைக்காது. டி.வி. ரெக்கார்டிங் என்பது, ஆன்டெனாவை நேராக டி.வி.யில் செருகி டிஜிட்டல் சேனல் பார்க்கும் நாடுகளுக்குப் பொருந்துகிற வசதி. நம்மூர் அட்டைப்பெட்டியில் அது வெறும் அலங்காரம்.

ஆக, பதிவு செய்வது செட்டாப் பாக்ஸின் வேலை. உள்ளேயே ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டிகளும் உண்டு, வெளியே யூ.எஸ்.பி. டிஸ்க் செருகிக்கொள்ளும் பெட்டிகளும் உண்டு. பெட்டி வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ரெக்கார்டிங்கைத் திறந்துவிடத் தனிக் கட்டணம் உண்டா? ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்ய முடியுமா? இதற்குப் பெட்டியில் இரண்டு ட்யூனர் வேண்டும். சந்தா நின்றுபோனால் பழைய பதிவுகள் ஓடுமா? பெரும்பாலும் ஓடாது.

அதற்கும் முன்னால் ஒரு யோசனை. சீரியலுக்காக மட்டும் என்றால் ரெக்கார்டரே வேண்டாம். சன் டி.வி. தொடர்கள் சன் நெக்ஸ்டிலும், விஜய் டி.வி. தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழ் தொடர்கள் ஜீ5-இலும் கிடைக்கின்றன. ஆப்பில் வராத செய்தி விவாதம், உள்ளூர் கேபிள் சேனல், திருவிழா நேரலை போன்றவற்றுக்குத்தான் ரெக்கார்டர் உண்மையில் உதவும்.

கேள்வி: டி.டி.எச். பெட்டிக்கு எத்தனை ஜி.பி. டிஸ்க் வாங்குவது? பென் டிரைவ் போதாதா? (தஞ்சாவூர்)

கணக்கு எளிது. எச்.டி. சேனல் 8 எம்.பி.பி.எஸ். வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 3.6 ஜி.பி. பிடிக்கும். 500 ஜி.பி. டிஸ்கில் ஏறக்குறைய 135 மணி நேரம் அடங்கும். வீட்டுக்கு அது தாராளம். 32 ஜி.பி. பென் டிரைவில் ஒன்பது மணி நேரம்கூட முழுதாகக் கொள்ளாது. நேரலையை நிறுத்திவைத்துத் தொடரும் வசதியைப் பயன்படுத்தினால் பெட்டி ஓயாமல் எழுதி அழித்துக்கொண்டே இருக்கும். மலிவான பென் டிரைவ் அதைத் தாங்காது, சில மாதங்களில் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கும்.

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது மின்சார விஷயத்தில். பழைய யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் இதைவிட அதிகம் இழுக்கும். 'டிக்... டிக்' என்று சத்தம் வந்து, டிஸ்க் தெரிந்து தெரிந்து மறைகிறது என்றால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தனி அடாப்டர் உள்ள யூ.எஸ்.பி. ஹப் வழியாகச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. டிஸ்க் குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்பதால் அதுவும் நல்ல தேர்வு.

டிஸ்கைச் செருகியதும் பெட்டி ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் அதிலிருக்கும் கல்யாண வீடியோ உட்பட எல்லாம் போய்விடும், அதனால் காலி டிஸ்கையே கொடுங்கள். பதிவுகள் அந்தப் பெட்டியின் சாவியோடு பூட்டப்படுகின்றன. கணினியில் ஓடாது, பக்கத்து வீட்டில் அதே மாடல் பெட்டி இருந்தாலும் ஓடாது. பழுது பார்க்கும்போது பெட்டியை மாற்றிக் கொடுத்தால் பழைய பதிவுகளை மறந்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: நேரம் குறித்து வைத்தும் பல நாள் பதிவாவதில்லை. சில நாள் கடைசிப் பத்து நிமிடம் இல்லை. (விருதுநகர்)

இரவில் சுவிட்சை அணைத்துவிடுகிறீர்களா? நம் வீடுகளில் படுக்கப் போகும் முன் யாராவது ஒருவர் சுவர் சுவிட்சைத் தட்டிவிடுவது வழக்கம். குறித்த நேரத்தில் பெட்டி ஸ்டாண்ட்பையில் இருந்தால்தான் விழித்தெழுந்து பதிவு செய்யும். பெட்டிக்கு மட்டும் தனி பிளக் கொடுத்துவிட்டு டி.வி. சுவிட்சை அணையுங்கள். ஸ்டாண்ட்பையில் 10 வாட் இழுக்கிறது என்று வைத்தாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 7 யூனிட்தான் ஆகும். மின்வெட்டு அதிகம் உள்ள ஊரானால் பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். கடைசிப் பத்து நிமிடம் விடுபடுவது, நிகழ்ச்சி அட்டவணைப்படி முடியாததால். தொடக்கத்தில் 5 நிமிடமும் முடிவில் 15 நிமிடமும் கூட்டி வையுங்கள்.

கேள்வி: ஓடிடி படத்தை டி.வி.யில் இறக்கி வைத்துப் பிறகு பார்க்கலாமா?

முடியாது. டவுன்லோடு வசதி போன், டேப்லெட் ஆப்களுக்கானது.

கேள்வி: ஹாலில் சோபாவிலிருந்து சுவர் வரை ஏழு அடி. 55 அங்குலம் வாங்கலாமா? கடைக்காரர் 65 என்கிறார். (கோவை)

மூலைவிட்ட அளவை 1.6 ஆல் பெருக்கிப் பாருங்கள். 55 அங்குலத்துக்கு 88 அங்குலம் வரும், அதாவது ஏழேகால் அடி. உங்கள் ஹாலுக்கு 55 பொருந்தும். 43 அங்குலத்துக்கு ஐந்தே முக்கால் அடி போதும். 4கே படங்களே அதிகம் பார்ப்பவர்கள் இன்னும் சற்று நெருங்கி உட்காரலாம். ஆனால் வீட்டில் நாள் முழுக்க ஓடுவது எஸ்.டி. எனப்படும் சாதாரணத் தரக் கேபிள் சேனலா? 576 வரிப் படத்தை 65 அங்குலத்தில் இழுத்துப் போட்டால் முகங்கள் மெழுகு பொம்மை போலத் தெரியும். 'புது டி.வி. படம் மங்கல்' என்ற புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எச்.டி. பெட்டியாக மாற்றுங்கள், பெட்டியை எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணையுங்கள். சிவப்பு-வெள்ளை-மஞ்சள் கேபிளில் போட்டால் எச்.டி. பெட்டியும் எஸ்.டி. படம்தான் தரும்.

அளவு முடிவானதும் மிச்சப் பணத்தைப் பேனலில், அதாவது திரையில், போடுங்கள். எச்.டி.ஆர். என்பது வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் நுணுக்கமாகக் காட்டும் பட வகை. 'எச்.டி.ஆர். உண்டு' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வகைப் படம் ஓடும் என்பது மட்டுமே அதன் பொருள். 300 நிட்ஸ் வெளிச்சம் உள்ள டி.வி.யில் எச்.டி.ஆர். படம் சாதாரணப் படத்தைவிட இருண்டுகூடத் தெரியும். அறையில் பக்கவாட்டில் உட்காருபவர்கள் அதிகம் என்றால் ஐ.பி.எஸ். பேனல், நேரெதிரே விளக்கணைத்துப் பார்ப்பவர்கள் என்றால் வி.ஏ. பேனல். கடையில் படம் கண்ணைப் பறிப்பதற்குக் காரணம் ஷோரூம் மோட். வீட்டில் அமைக்கும்போது 'ஹோம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

விலை விசாரிக்கும்போது ஒன்று: 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டித் 'தள்ளுபடி' என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்த 'ஆண்ட்ராய்டு' 4கே டி.வி.யில் படம் தெளிவில்லை, நெட்ஃபிளிக்ஸ் ஆப்பும் கிடைக்கவில்லை. ஏன்? (சென்னை)

ஆண்ட்ராய்டு என்றால் எல்லாம் ஒன்றல்ல. கூகுள் சான்று பெற்ற கூகுள் டி.வி. அல்லது ஆண்ட்ராய்டு டி.வி. ஒரு வகை. போனுக்கான திறந்த ஆண்ட்ராய்டை எடுத்து டி.வி.யில் போட்டிருப்பது இன்னொரு வகை. இரண்டாவதில் நெட்ஃபிளிக்ஸ் அனுமதி இருக்காது. படத்தை நகலெடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற பூட்டும் உயர்ந்த எல்1 தரத்தில் இல்லாமல் தாழ்ந்த எல்3-ஆக இருக்கும். எல்3-க்குப் பெரும்பாலான ஓடிடிகள் எஸ்.டி. தரத்துக்கு மேல் அனுப்புவதில்லை. பேனல் 4கே-வாக இருந்தும் பயனில்லை. வாங்கும் முன் ரிமோட்டைப் பாருங்கள், நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ பட்டன்கள் இருந்தால் அனுமதி இருக்க வாய்ப்பு அதிகம். கடையிலேயே ஆப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரேம் 2 ஜி.பி., ஸ்டோரேஜ் 16 ஜி.பி. என்பதைக் குறைந்தபட்சமாக வையுங்கள். 8 ஜி.பி. என்று போட்டிருந்தால் பாதிக்கு மேல் சிஸ்டமே தின்றுவிடும், ஏழெட்டு ஆப் போட்டதும் 'இடம் இல்லை' என்று நிற்கும். நெட்ஃபிளிக்ஸில் 4கே கிடைப்பது மேல்மட்ட பிளானில் மட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கிவிட்ட டி.வி.யைத் திருப்ப முடியாது என்றால் 4கே ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைச் செருகுங்கள். பேனல் நன்றாக இருக்கும் பழைய டி.வி.க்கும் இதே மருந்துதான். டி.வி.யின் 'ஸ்மார்ட்' பகுதி நான்கைந்து வருடத்தில் தளர்ந்துவிடும், பேனல் பத்து வருடம் ஓடும்.

கேள்வி: 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இருந்தும் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்குக் கேட்பதே 15 எம்.பி.பி.எஸ். குறை பெரும்பாலும் வைஃபையில்தான். மலிவு டி.வி.களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இருக்கும், அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெரிக்கும். வாங்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் உண்டா என்று பாருங்கள். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு செங்கல் சுவர் தாண்டினால் துவண்டுவிடும். ரவுட்டர் அடுத்த அறையில் என்றால் அங்கிருந்து கேட்6 என்ற நெட்வொர்க் கேபிளை இழுத்து டி.வி.யின் லேன் போர்ட்டில் செருகுங்கள். டி.வி. லேன் போர்ட்கள் பெரும்பாலும் 100 எம்.பி.பி.எஸ். தான், அது தாராளமாகப் போதும். போன் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்களுக்கு: எச்.டி. படம் மணிக்கு 3 ஜி.பி. வரை எடுக்கும். தினசரி 2 ஜி.பி. பேக் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது.

கேள்வி: உள்ளேயே சாட்டிலைட் ட்யூனர் உள்ள டி.வி. வாங்கினால் பெட்டியே வேண்டாமாமே? (நாகர்கோவில்)

டி.டி. ஃப்ரீ டிஷுக்கு வேண்டாம். 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15-ஐ நோக்கி டிஷ்ஷைத் திருப்பி, கேபிளை நேராக டி.வி.யில் செருகினால் டி.டி. தமிழ் முதலான இலவசச் சேனல்கள் வரும். கட்டணச் சேனல்கள் பூட்டப்பட்டவை என்பதால் அவற்றுக்குப் பெட்டி வேண்டும். மேலே இல்லை என்று சொன்ன டி.வி. ரெக்கார்டிங் இந்த ஒரு இடத்தில் மட்டும் வேலை செய்யலாம். வாங்கும் முன் ட்யூனரில் ஒரு சேனலை ஓடவிட்டு, மெனுவில் ரெக்கார்ட் வருகிறதா என்று பாருங்கள். இந்திய மாடல்களில் அதை மூடிவிடும் நிறுவனங்கள் உண்டு.

கேள்வி: சவுண்ட்பாரில் யூடியூப் சத்தம் வரவில்லை, டி.டி.எச். சத்தம் மட்டும் வருகிறது.

டி.டி.எச். பெட்டியை சவுண்ட்பாரிலேயே செருகியிருப்பீர்கள். டி.வி.யில் உள்ள ஆப்களின் சத்தம் சவுண்ட்பாருக்கு வர ஏ.ஆர்.சி. வேண்டும்; டி.வி.யின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே திருப்பி அனுப்பும் வசதி அது. டி.வி.யில் 'ஏ.ஆர்.சி.' அல்லது 'இ-ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கும் எச்.டி.எம்.ஐ. போர்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். சவுண்ட்பாரின் அதே பெயருள்ள போர்ட்டிலிருந்து அதற்குக் கேபிள் போடுங்கள். பிறகு டி.வி. செட்டிங்கில், இணைத்த கருவிகளை ஒரே ரிமோட்டில் இயக்க உதவும் சி.இ.சி.-யை ஆன் செய்யுங்கள். நிறுவனத்துக்கு ஒரு பெயர் இதற்கு: சாம்சங்கில் எனிநெட்+, எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அது ஆன் ஆனதும் டி.வி. ரிமோட்டிலேயே சவுண்ட்பார் ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு ரிமோட் குறையும்.