புண்ணாக்கைக் கூட்டியும் எஸ்.என்.எஃப். ஏறவில்லையே?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே காளையின் சினை ஊசிக்குப் பிறந்தவை. மூத்தது ஈன்று ஐந்து மாதம், சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள் சதவீதம்) 8.4 வருகிறது. இளையது ஈன்று 40 நாள். 12 லிட்டர் கறக்கிறது, ஆனால் 7.8-ஐத் தாண்டவில்லை. கடலைப் புண்ணாக்கையும் பருத்திக்கொட்டையையும் கூட்டிவிட்டேன், பலன் இல்லை. ஜீன் கோளாறு, விற்றுவிடு என்கிறார் தரகர். விற்கலாமா?

பதில்: இப்போதைக்கு விற்காதீர்கள். தரகர் ஜீன் என்று சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கிற மாதிரி இல்லை.

எஸ்.என்.எஃப்.-இல் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை பாலின் அளவில் சுமார் 4.7 சதவீதம், புரதம் சுமார் 3.2 சதவீதம், மீதி தாது உப்பு. மடிக்குள் தண்ணீரை இழுப்பதே லாக்டோஸ்தான். அது கூடினால் பாலின் அளவும் சேர்ந்து கூடிவிடும், சதவீதம் அவ்வளவாக அசையாது. அதனால் குறைவை முதலில் புரதத்தில்தான் தேட வேண்டும்.

பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அதற்கான நான்கு ஜீன்களும் மாட்டின் 6-ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. மாட்டின் காதுத் தோலிலும் அவை உண்டு, ஆனால் வேலை செய்வது மடியில் மட்டும். மடியிலும் சினைக்காலம் முழுவதும் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் அவற்றை அடக்கி வைத்திருக்கும். ஈனும் நாள் நெருங்க அது சரிய, புரோலாக்டின், கார்ட்டிசோல் என்ற வேறு ஹார்மோன்கள் ஏறும். புரோலாக்டின் பால் செல்லின் மேற்புறத்தில் ஒட்டியதும் உள்ளே ஸ்டாட்-5 என்ற புரதம் விழித்துக்கொண்டு, உட்கருவுக்குள் போய்க் கேசீன் ஜீனின் தலைப்பில் உட்காரும். அப்புறம்தான் ஜீனின் நகல்கள் வெளியே வரும்.

நகல் வந்தால் மட்டும் போதாது, அதைப் பார்த்துப் புரதம் கோக்க வேண்டும். அதற்கு அமினோ அமிலங்களும் இன்சுலினும் சேர்ந்து 'எம்டார்' என்ற இன்னொரு கட்டுப்பாட்டைத் திறக்க வேண்டும். உடம்பில் எரிசக்தி குறைந்தால் இன்சுலினும் குறையும், திறப்பு சுருங்கும். உங்கள் ஊர்க்காரருக்கு 58 கிராமக் கால்வாயைச் சொன்னால் புரியும்: கால்வாய் இருக்கிறது, வைகை அணையில் மட்டம் ஏறினால்தானே தண்ணீர்?

ஈன்று 40 நாள் என்பது மட்டம் இறங்கி நிற்கிற நேரம். பால் உச்சத்துக்குப் போகும், தீனி எடுப்பது அந்த வேகத்துக்கு ஏறாது, மாடு தன் கொழுப்பைக் கரைத்துக் கறக்கும். பாலில் புரத சதவீதம் மிகக் குறைவாக இருப்பதும் இந்த வாரங்களில்தான். ஐந்து மாத மாட்டோடு அதை ஒப்பிட்டது நியாயமே இல்லை. தகப்பன் ஒன்று என்றாலும் அவன் ஜீன்களில் பாதிதான் ஒவ்வொரு கன்றுக்கும் வரும், இரண்டுக்கும் ஒரே பாதி வராது. தாயும் வேறாக இருக்கலாம்.

புண்ணாக்கு விஷயத்துக்கு வருவோம். அதிலுள்ள புரதத்தில் பெரும்பகுதியை வயிற்று நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக உடைத்துவிடும். அவற்றுக்கு மாவுச்சத்து கிடைத்தால்தான் அந்த அம்மோனியாவை மறுபடி புரதமாகக் கட்டும். கிடைக்காவிட்டால் ஈரல் அதை யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ளும், அதற்கும் சக்தி செலவு. உங்கள் காசு தொழுவத்து வடிகாலில் போகிறது. கூட்டிய புண்ணாக்கைப் பழைய அளவுக்கே கொண்டு வந்து, உடைத்த மக்காச்சோளம் கால் கிலோவில் தொடங்கி, பத்து நாளில் ஒரு கிலோவுக்கு ஏற்றுங்கள். பசுந்தீவனத்தைக் குறைக்காதீர்கள். சோறும் கஞ்சியும் வேண்டாம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வயிறு புளித்துப் படுத்த மாடுகளை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

மடியையும் பார்த்துவிடுங்கள். வெளியே வீக்கம் தெரியாத மடிநோய் கேசீனைக் குறைக்கும். கிருமி ஏறிய மடியில், ஸ்டாட்-5 உட்காரும் இடத்திலேயே மீத்தைல் என்ற சிறு வேதித் துணுக்கு ஒட்டி ஜீன் மூடிக்கொள்வதைக் கண்டிருக்கிறார்கள். நூறு மில்லி தண்ணீரில் மூன்று கிராம் சலவைத்தூள் கரைத்து, நான்கு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் சம அளவு கலந்து சுழற்றுங்கள். ஏதாவது ஒன்று சளி மாதிரித் திரண்டாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சோதித்த பாலைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

கறவையை அரைகுறையாக விடாதீர்கள். பால் தேங்கினால் ஸ்டாட்-5 அடங்கும், ஜீனும் சோம்பிவிடும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. கறந்த சூட்டோடு, நுரையோடு, பாலின் அடர்த்தியைப் பார்க்கும் லாக்டோமீட்டரை விட்டால் டிகிரி குறைவாகத்தான் காட்டும். இரண்டு மாட்டுப் பாலையும் ஒரே நாளில், ஆறவைத்து, நன்றாகக் கலக்கிக் கொடுத்துப் பாருங்கள். இளையது மூன்று மாதம் தாண்டியதும் அதே முறையில் இன்னொரு தடவை பார்த்து, விற்பதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.