பத்தாம் வகுப்பு நீச்சல் வீராங்கனைக்குப் பயிற்சியாளர்கள் ஏன் பதில் போடுவதில்லை?

அமெரிக்கக் கல்லூரி நீச்சல் பயிற்சியாளர்களுக்கு மடல் அனுப்பியும், கேள்விப் படிவமும் முகாம் அறிவிப்பும் தவிர வேறு பதில் வரவில்லை என்கிறீர்கள். அதனால் உங்கள் மகளின் நீச்சல் நேரங்கள் போதவில்லை என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நீச்சலில் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) பயிற்சியாளர்கள், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை ஆள்சேர்ப்பு பற்றித் தனிப்பட்ட பதில் எழுத என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு) விதி இடம் தருவதில்லை, கேள்விப் படிவம், முகாம் அறிவிப்பு போன்ற பொதுவானவற்றைத்தான் அனுப்பலாம், உங்களுக்கு வந்திருப்பதும் அவைதான்.

மடலில் குறை இருக்கிறதா என்று பார்க்க, அதையே, என்சிஏஏ-யின் இன்னொரு பிரிவான டிவிஷன் 3-இல் உள்ள சில கல்லூரிகளுக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே மின்னஞ்சலுக்கு இந்தத் தேதித் தடை கிடையாது (விளையாட்டு உதவித்தொகையும் கிடையாது). அங்கிருந்தும் சத்தமே இல்லையென்றால் மடலைத் திருத்துங்கள்.

அப்புறம், நீங்களே எழுதி அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்திவிட்டு மகளை எழுதச் சொல்லுங்கள், நாலு வருடம் அந்தப் பயிற்சியாளரோடு பேசப்போவது அவள்தான். தலைப்பு வரியிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, முக்கியப் போட்டி, நேரம் மூன்றும் இருக்கட்டும். அந்த நேரம் யார்டு அளவுக் குளத்தில் எடுத்ததா மீட்டர் அளவுக் குளத்தில் எடுத்ததா என்று கட்டாயம் குறிப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: முகாம் அறிவிப்பு பலருக்கும் மொத்தமாகப் போவது, அதைத் தேர்வுக்கான அழைப்பு என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஜூன் 15-க்குப் பிறகு மறுபடி எழுதியும் பதில் இல்லையென்றால், அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே இறக்கலாம்.