துகளின் பூர்விகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: “காற்று மாசில் இத்தனை விழுக்காடு வாகனப் புகை, இத்தனை விழுக்காடு புழுதி” என்று செய்திகளில் படிக்கிறோம். காற்றில் கலந்துவிட்ட பிறகு எது எங்கிருந்து வந்தது என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

பதில்: காற்றில் கலந்தாலும் ஒவ்வொரு துகளும் தான் பிறந்த இடத்தின் வேதியியல் அடையாளத்தை ஓரளவு சுமந்துகொண்டுதான் திரிகிறது. அதைப் படிக்க வேண்டுமானால் முதலில் துகளைப் பிடிக்க வேண்டும். ஏறத்தாழ 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களை வெளியே நிறுத்திவிடும் கருவி ஒன்று, மணிக்கு ஒரு கன மீட்டர் வீதம் 24 மணி நேரம் காற்றை உறிஞ்சி ஒரு வடிதாளின் வழியே செலுத்துகிறது. கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் மாசு உள்ள நாளில்கூட அந்தத் தாளில் சேர்வது 1.2 மில்லிகிராம்தான். அதனால் தாளை ஈரப்பதமும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் ஒரு நாள் வைத்திருந்து, அதில் ஏறியுள்ள நிலைமின்சாரத்தையும் நீக்கிவிட்டு, மைக்ரோகிராம் வரை காட்டும் தராசில் நிறுக்கிறார்கள். மாதிரி எடுப்பதற்கு முன்பும் இப்படி ஒரு முறை நிறுத்திருப்பார்கள். தாளை இடுக்கியால் மட்டுமே எடுப்பார்கள். விரல் பட்டால் கணக்கே கெட்டுவிடும்.

எல்லாச் சோதனைக்கும் ஒரே தாள் பயன்படாது. டெஃப்லான் தாள் எடைக்கும் தனிமங்களுக்கும் ஏற்றது. அதன் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் டெஃப்லானிலேயே கார்பன் இருப்பதால், கார்பனை அளப்பதற்கு முன்கூட்டியே உலையில் சுட்டெடுத்த குவார்ட்ஸ் இழைத் தாளைப் பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, ஹீலியம் வாயுவில் படிப்படியாகச் சூடாக்கும்போது கரிமச் சேர்மங்கள் ஆவியாகி வெளியேறுகின்றன. பிறகு ஆக்சிஜனைச் சேர்க்கும்போது கருநிறப் புகைக்கரி எரிகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கரிமச் சேர்மங்களில் ஒரு பகுதி ஆவியாகாமல் கருகி, தானும் புகைக்கரி போல வேடம் போடும். அதைக் கண்டுபிடிக்கத் தாளின் மீது லேசர் ஒளியை விழவைத்து, அது கருத்து மீண்டும் பழைய நிறத்துக்குத் திரும்பும் கணத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு வகைக் கார்பனையும் அங்கே பிரிக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான். சல்ஃபேட், நைட்ரேட், அம்மோனியம் போன்ற அயனிகளை நீரில் கரைத்தெடுத்துத் தனியே அளக்கிறார்கள்.

இனி அடையாளங்களுக்கு வருவோம். அலுமினியமும் சிலிக்கானும் சேர்ந்து வந்தால் மண்புழுதி; சோடியமும் குளோரைடும் கடல் உப்பு; செம்பு, பேரியம், ஆன்டிமனி மூன்றும் கூடினால் வாகன பிரேக்கின் தேய்மானம். மரமும் சருகும் எரியும்போது செல்லுலோஸ் சிதைந்து உண்டாகும் லெவோகுளுக்கோசான் என்ற சர்க்கரைச் சேர்மம் நிலக்கரியிலிருந்தோ டீசலிலிருந்தோ குறிப்பிடத்தக்க அளவில் வருவதில்லை. ஆகவே விறகுப் புகைக்கு அது நல்ல சாட்சி. இந்த அடையாளங்களும் காலாவதியாகும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு காலத்தில் ஈயம் என்றாலே பெட்ரோல் புகை; கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021இல் அதை நிறுத்திவிட்டது. வனேடியமும் நிக்கலும் கப்பல் புகையின் முத்திரையாக இருந்தன. கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச வரம்பு 2020இல் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்ட பிறகு, கப்பல்கள் வேறு எரிபொருளுக்கு மாறியதால் பல துறைமுகங்களின் காற்றில் வனேடியம் வெகுவாகக் குறைந்தது.

கேள்வி: அப்படியானால் அந்த விழுக்காடுகளை அப்படியே நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்டுவிட்டு நம்புங்கள். ஒவ்வொரு மூலத்தின் புகையையும் தனித்தனியே அளந்து வைத்துக்கொண்டு, வடிதாளில் உள்ள கலவைக்கு எது எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று பார்ப்பது ஒரு வழி. வேறு ஊரில் அளந்த புகையின் விவரத்தை இரவல் வாங்கினால் விடை பிசகும். மற்றொரு வழி, பென்ட்டி பாட்டெரோவும் உன்டோ டாப்பரும் 1994இல் வெளியிட்ட கணித முறை. நூற்றுக்கணக்கான நாட்களின் மாதிரிகளில் எந்தெந்தப் பொருள்கள் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்குகின்றன என்று பார்த்து, எதிர்க்குறி எண் வராதபடி அது காரணிகளை, அதாவது சேர்ந்தே மாறும் பொருள்களின் கூட்டங்களை, பிரித்துத் தரும். ஆனால் எத்தனை காரணிகள் என்று தீர்மானிப்பதும், அவற்றுக்கு ‘வாகனம்’, ‘தொழிற்சாலை’ என்று பெயர் சூட்டுவதும் கணினி அல்ல, ஆய்வாளர்தான். காற்று வீசிய திசையையும் வார நாள், விடுமுறை நாள் வேறுபாட்டையும் வைத்து அந்தப் பெயரைச் சரிபார்க்காத அறிக்கையை நான் பாதிதான் ஏற்பேன்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வாயுவாகக் கிளம்பி, வானில் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் அலைந்து, அமோனியாவுடன் சேர்ந்து சல்ஃபேட்டாகவும் நைட்ரேட்டாகவும் உறைகின்றன. பல இடங்களில் நுண்துகள் எடையில் பெரும்பங்கு இத்தகைய இரண்டாம் நிலைத் துகள்களுடையது. வாயுவிலிருந்து பிறந்த அவற்றில் மூலத்தின் உலோக முத்திரை இல்லாததால், விழுக்காடுகளைக் காட்டும் வட்ட வரைபடத்தில் ‘இரண்டாம் நிலை’ என்ற தனித் துண்டாக நின்றுவிடுகின்றன. அந்தத் துண்டை மின்நிலையம், வாகனம், உரமிட்ட வயல் என்று பிரித்துக் கொடுக்க, வேதிவினைகளையும் காற்றோட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வேறு வகைக் கணினிக் கணக்கீடு தேவை. வரைபடத்தில் அப்படி ஒரு துண்டே இல்லையென்றால், அதை யார் தலையில் கட்டினார்கள் என்று விசாரியுங்கள்.

கேள்வி: வீட்டில் வைத்திருக்கும் சிறிய மாசுமானியால் மூலத்தைக் கண்டறிய முடியுமா?

பதில்: நேரடியாக முடியாது. அதற்குள் ஒரு சிறு லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறுவதை மட்டுமே அது அளக்கிறது. துகள் உப்பா, கரியா என்று அதற்குத் தெரியாது. ஈரப்பதம் மிகுந்த அதிகாலையில் உப்புத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருப்பதால், மாசு கூடாமலே எண் கூடும். காற்றில் தூக்கி எறியப்பட்ட பருமனான புழுதியை அது பெரும்பாலும் தவறவிடும். ஆனாலும் நேரத்தைக் காட்டுவதில் அது கெட்டிக்காரக் கருவி. சமைக்கும் வேளையில் மட்டும் எண் ஏறி, ஜன்னலைத் திறந்ததும் இறங்கினால், மூலம் உங்கள் அடுப்பு என்று சொல்ல ஆய்வகம் தேவையில்லை.